ஆட்டோவுக்கு முதுகு முளைத்த கதை

அரை விநாடிக்கும் குறைவு! ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய முப்பரிமாணப் பொருளாக எழுப்பிவிட ட்ரிப்போ-எஸ்ஆர் என்ற நிரலுக்கு அவ்வளவுதான் ஆகிறது. ஸ்டெபிலிட்டி ஏஐ, ட்ரிப்போ ஏஐ என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்டது. லட்சக்கணக்கில் விலை போகும் சர்வர் கார்டில்தான் அந்த வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரல் இலவசம். 6 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வீட்டிலேயே ஓடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. அப்படி ஒரு கார்டு பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கிறதே! பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தம்பி மகன், "புராஜெக்ட்டுக்கு வேணும்பா" என்று அடம்பிடித்து வாங்கிய கேமிங் லேப்டாப். பக்கத்திலேயே செகண்ட் ஹேண்டில் பிடித்த 3டி பிரின்டர். படம் வரையவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவன் தங்கை இரண்டாம் வகுப்பு. கையில் பென்சில் கிடைத்தால் சுவருக்குக்கூடப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே வாசகர்களே, பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் திரையை விலக்கிக்கொண்டு போகிறோம். கூட்டமாக வராதீர்கள், அறை சின்னது.

சோதனைக்கு வந்த படம் ஒரு ஆட்டோ. நான்கு கோடு நோட்டில், பென்சிலால், பக்கவாட்டில் வரைந்தது. சக்கரம் மூன்று என்பது சின்னவளுக்குத் தெரியும். மூன்றையும் காட்டாவிட்டால் எப்படி என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டாள். உள்ளே இரண்டு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இல்லை. "டீ குடிக்கப் போயிருக்காரு அத்தை" என்றாள்.

முதல் வேலை, படத்தைத் தாளிலிருந்து பிரிப்பது. போனில் எடுத்த போட்டோவில் எது பொருள், எது பின்னணி என்று ஒரு சின்ன நிரல் வெட்டிப் பிரிக்கும். மனிதர், நாய், நாற்காலி போட்டோ என்றால் கச்சிதமாகச் செய்யும். பென்சில் படத்தில்தான் தடுமாற்றம். ஆட்டோவுக்கு வெளியே வெள்ளைத் தாள், ஆட்டோவுக்கு உள்ளேயும் அதே வெள்ளைத் தாள்! உள்ளே இருந்ததையும் பின்னணி என்று நினைத்து வழித்தெடுத்துவிட்டது. மிச்சம் நின்றது கம்பியை வளைத்துச் செய்தது போன்ற ஒரு வெறும் கோடு, கூடவே நோட்டின் சிவப்புக் கோடு ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கும் உடல் வந்து ஆட்டோவின் வயிற்றில் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு வைத்தியம் கிரயான். கோடில்லாத தாளில் வரைந்து, மஞ்சள் கிரயானால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். வெட்டிப் பிரிக்கும் நிரல் அடங்கியது. குழந்தைகளின் படத்தை வைத்து இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: வண்ணம் தீட்டிய படம் பாதி வேலையை முடித்துவிடும்.

ஆனாலும் வெளியே வந்தது தட்டை. முன்னால் இருந்து பார்த்தால் ஆட்டோ, பக்கத்தில் திருப்பினால் பொரிக்காத அப்பளம். ஏன் என்று தம்பி மகன் விளக்கினான். இந்த நிரல்கள் படித்து வளர்ந்த படங்களில் வெளிச்சமும் நிழலும் இருக்கும். இங்கே வெளிச்சம் விழுகிறது, அங்கே மங்குகிறது, அதனால் இது வளைவு, அது பள்ளம் என்றுதான் அவை ஆழத்தைக் கணிக்கின்றன. கிரயான் படத்தில் நிழலே கிடையாது. நிழல் இல்லையென்றால் பள்ளம் மேடு இல்லை.

எனவே இடையில் ஒரு தரகர் வேண்டும். அவர் பெயர் கன்ட்ரோல்நெட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ல்வ்மின் ஜாங்கும் உடன் இருந்தவர்களும் 2023 தொடக்கத்தில் கொண்டுவந்தது. கிறுக்கலைக் கொடுத்து, இது என்ன என்று ஒரு வரியில் எழுதினால், கோடு போன வழியை மீறாமல் அதற்குள் வெளிச்சமும் நிழலும் போட்டு, நிஜப் பொருள் போன்ற படமாக வரைந்து கொடுக்கும். 'ஆட்டோ ரிக்‌ஷா' என்று எழுதிக் கொடுத்தோம். அது கொடுத்தது பாங்காக் டுக்டுக்! கூரையில் விளக்கு, பக்கத்தில் குரோம் கம்பி, ஏகப்பட்ட அலங்காரம். அது பார்த்து வளர்ந்த படங்களில் சுற்றுலாப் பயணிகள் எடுத்த டுக்டுக் போட்டோக்கள் நிறைந்திருக்கும்போல. 'மஞ்சள்', 'சென்னை', 'பழையது' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகுதான் நம்ம ஊர் வண்டி வந்தது. 'பழையது' என்றதும் தானாகவே ஒரு நசுங்கலும் வைத்தது. அந்த இடத்தில் எனக்கு லேசாக மரியாதை வந்தது.

இனிதான் மந்திரம். பக்கவாட்டுப் படம் கையில் இருக்கிறது. மறுபக்கம்? மேல்பக்கம்? முதுகு? யாரும் வரையவில்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை. அதை நிரல் தன் மனதிலிருந்து வரைய வேண்டும். மொத்த வித்தையின் உயிர்நாடி இதுதான் என்பேன். நாம் கொடுத்த பக்கத்தை அது நகல் எடுக்கிறது, அதில் என்ன பெருமை? நாம் கொடுக்காத பக்கத்தை எப்படிக் கற்பனை செய்கிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

அந்தக் கற்பனைக்கு ஊட்டம் எங்கிருந்து? 2022 கடைசியில் அமெரிக்காவின் ஆலன் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஏஐ 'ஆப்ஜாவர்ஸ்' என்ற ஒரு மாபெரும் தொகுப்பை வெளியிட்டது. ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் உலகெங்கும் உள்ள கலைஞர்கள் ஏற்றிவைத்த முப்பரிமாண உருவங்களில் 8 லட்சத்துக்கும் மேல். நாற்காலி, டிராகன், டீ கெட்டில், கோவில் தூண், என்னவெல்லாமோ. அடுத்த ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தார், இவற்றை வெவ்வேறு கோணங்களிலிருந்து படமாக்கி ஒரு நிரலுக்குக் காட்டினார்கள்: இதோ முன்பக்கம், இத்தனை டிகிரி திருப்பினால் இதோ பின்பக்கம். ஜீரோ-ஒன்-டு-த்ரீ என்று பெயர். லட்சக்கணக்கான முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் பார்த்து, முன்னால் இப்படி இருந்தால் பின்னால் அநேகமாக அப்படி இருக்கும் என்று ஊகிக்கக் கற்றுக்கொண்டது. நமக்கு முதுகு காட்டுவது ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கலைஞர் ராத்திரி கண் விழித்துச் செய்த உருவத்தின் சாயல்தான். அந்த எட்டு லட்சம் வேலைக்கும் பின்னால் இருக்கிறவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு வணக்கம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஊகம் சொதப்பினால் வரும் கூத்து தனி. 2022-ல் கூகுளின் ட்ரீம்ஃப்யூஷன் வந்தது. அது வேறு வழி: 'அணில்' என்று எழுதிக் கொடுத்தால், ஒரு மூட்டத்தில் தொடங்கி, கண்ட கோணத்தில் எல்லாம் எட்டிப் பார்த்து, "இது அணில் மாதிரி இருக்கிறதா?" என்று படம் வரையும் நிரலிடம் கேட்டுக் கேட்டு உருவத்தைச் செதுக்கும். ஆனால் அந்தப் படநிரல் பார்த்த போட்டோக்களில் பெரும்பாலும் முகம் தெரிகிறது. யார் அணிலின் முதுகைப் போட்டோ எடுக்கிறார்கள்? ஆகவே பின்னால் எட்டிப் பார்த்தாலும் "முகம் எங்கே?" என்று கேட்டது, பின்னாலும் ஒரு முகம் முளைத்தது. பக்கங்களிலும் ஒவ்வொன்று. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ரோமானியரின் இருமுகக் கடவுளான ஜேனஸின் பெயரை வைத்தார்கள். இரண்டு முகத்துக்கே கடவுளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாமாக இருந்தால் பிரம்மாவை வைத்திருப்போம், கணக்கும் சரியாக வந்திருக்கும்.

எங்கள் ஆட்டோவுக்கு முகம் தப்பியது. சக்கரத்தில் மாட்டியது. இந்தப் பக்கம் மூன்று சக்கரம் இருப்பதைப் பார்த்த நிரல், வண்டி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே என்று மறுபக்கமும் மூன்று வைத்தது. ஆறு சக்கர ஆட்டோ! உள்ளே சிரித்துக்கொண்டிருந்த இருவருக்கும் உடம்பு வரவில்லை, பக்கச் சுவரில் ஒட்டிய போஸ்டராகிவிட்டார்கள். சின்னவள் திரையில் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் கவலை வேறு. "அத்தை, இந்தப் பக்கம் வந்தா ஆளுங்க எங்க போனாங்க?"

நல்ல கேள்வி. மறுபக்கம் வந்தால் ஆள் எங்கே என்ற கேள்வியை நம் சினிமாக்காரர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், செம்பரம்பாக்கம் பக்கத்தில்தான் ஈவிபி ஃபிலிம் சிட்டி. கலை இயக்குநர் தாளில் வரைந்த அரண்மனை தெர்மகோலும் பிளைவுட்டும் ஃபைபருமாக எழுந்து நிற்கும். முன்னால் பார்த்தால் சோழர் காலம். பின்னால் போனால் சவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்திருக்கும், தொழிலாளர்கள் சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். கேமரா போகாத இடத்துக்குச் செலவு எதற்கு? நியாயம்தான்.

அசல் சோழர் காலத்துக் கணக்கு வேறு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் கூடத்துக்குப் போனால் தயவுசெய்து சிலைகளின் பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், கழுத்திலிருந்து இறங்கும் குழல், முதுகில் தவழும் ஆபரணம், எல்லாம் முன்பக்கத்துக்கு இருந்த அதே அக்கறையோடு. கோவிலில் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் செய்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறித்துக்கொண்டு மெழுகில் கை வைக்கிறார்கள். ஓலையில் இருப்பது உயரக் கணக்கு மட்டும். மீதி எல்லாப் பக்கமும் அவர் விரலில் இருக்கிறது.

சரி, லேப்டாப்புக்குத் திரும்புவோம். ஆறு சக்கரம் இருக்கட்டும். அந்த உருவத்தை நிரல் தனக்குள் எப்படி வைத்துக்கொள்கிறது? இதைத் தெரிந்துகொண்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

2023-ல் அடோபி ஆராய்ச்சியாளர்களும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தாரும் எல்ஆர்எம் என்ற மாதிரியை வெளியிட்டார்கள். 50 கோடி எண்களைத் திருகித் திருகிப் பழக்கியது. ஒரு படத்தைக் கொடுத்தால் 5 விநாடியில் உருவம். ட்ரிப்போ-எஸ்ஆர் இதன் வழித்தோன்றல். இவ்வளவு பெரிய மூளை அந்த உருவத்தை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் மூன்றே மூன்று பக்கம்! ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள். முன்னால் இருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. முப்பரிமாண வெளியில் ஏதாவது ஒரு புள்ளியில் பொருள் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமா? அந்தப் புள்ளியின் நிழல் மூன்று தளத்திலும் எங்கே விழுகிறதோ அங்கே எழுதியிருப்பதை எடுத்துச் சேர்த்துப் பார்க்கும். அந்தத் தளங்களில் இருப்பவை படங்கள் அல்ல, நமக்குப் புரியாத எண்கள். ஆனாலும் முன், மேல், பக்கம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த டூல் ரூமிலும் சுவரில் ஒட்டியிருக்கும் டிராயிங்கைப் பாருங்கள். ஃப்ரண்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ. ஐடிஐ முதல் வருஷப் பையன் ஸ்கேலும் செட் ஸ்கொயருமாக நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவது அதைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் காஸ்பார் மோன்ழ், கோட்டை மதில் கணக்குக்காக இந்த முறையை வகுத்தபோது, இது ராணுவ ரகசியம் என்று வெளியே சொல்லவே விடவில்லை. அதே வித்தையில்தான் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கியும் தாளில் இறங்குகிறது, எங்கள் தெரு வெல்டிங் கடைக் கேட்டும் தாளில் இறங்குகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவும் அந்த பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்காதீர்கள்.

மூன்று தளத்து எண்களைத் தொட்டுப் பார்க்கக்கூடிய தோலாக மாற்ற, 1987-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த லோரன்சன், கிளைன் இருவரும் ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பையும் உறுப்பையும் உருவமாக்கக் கண்டுபிடித்த 'மார்ச்சிங் கியூப்ஸ்' முறையே இன்னும் உழைக்கிறது. வெளியைச் சின்னச் சின்னக் கனசதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எட்டு மூலையிலும் "உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்கும். 256 விதமான பதில் வரலாம். ஒன்றுபோல இருப்பதைச் சேர்த்துவிட்டால் 15 தான். ஒவ்வொன்றுக்கும் எந்த முக்கோணம் என்று அட்டவணை இருக்கிறது. தேடி ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஆட்டோவுக்குத் தோல் வந்துவிட்டது.

பிரின்டருக்கு அனுப்பும் முன், உருவத்தை அடுக்குகளாக வெட்டித் தரும் ஸ்லைசர் நிரலில் திறந்தோம். திரையில் எதுவுமே இல்லை! பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று போய்ப் பார்த்தால் மேடையின் நடுவில் ஒரு புள்ளி. எறும்புக்கு ஆட்டோ! உருவத்தைச் சேமித்த எஸ்டிஎல் கோப்பில் முக்கோணங்கள் உண்டு, அளவுக்கு அலகு கிடையாது. '1' என்று இருந்தால் அது ஒரு மில்லிமீட்டரா, ஓர் அங்குலமா, ஒரு மீட்டரா என்று கோப்புக்கே தெரியாது. ஸ்லைசர் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. நூறு மடங்கு ஊதிப் பெருக்கி, 0.2 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக, 200 டிகிரிச் சூட்டில் உருகிய பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையை இழைத்து ஆட்டோ இறங்கத் தொடங்கியது. கூரையின் நீட்டிய விளிம்புக்கு அடியில் தாங்குதூண் தேவைப்பட்டது. காற்றில் நிற்கும் பிளாஸ்டிக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கீழ் வீட்டு ஐயா அப்போதுதான் மேலே வந்தார். அம்பத்தூரில் டை மேக்கராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஆறு சக்கர ஆட்டோவைக் கையில் வாங்கி, பழக்கத்தில் விரலால் விளிம்பைத் தடவினார்.

"நல்லாதான்மா இருக்கு. இதுல சக்கரத்தோட டயா எவ்வளவு?"

தம்பி மகன் விழித்தான். வெர்னியரை எடுத்து அவரே அளந்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு அளவு. ஒரே சக்கரத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"வட்டமே இல்லையே தம்பி. வட்டம் மாதிரி இருக்குது."

ஒரே வரியில் போட்டு உடைத்துவிட்டார். இந்த நிரல்கள் தருவது முக்கோணங்கள் ஒட்டிய தோல். அதில் வட்டம் என்ற எண்ணமே கிடையாது. பொறியாளர்களின் கேட் (CAD) மென்பொருளில் வரைந்தால் 'இது 20 மில்லிமீட்டர் ஓட்டை' என்பது ஒரு கட்டளையாக உள்ளே உட்கார்ந்திருக்கும். 22 என்று மாற்றினால் மாறும். தோலில் எதை மாற்றுவது? கட்டளைகளின் வரிசையாகவே வரையக் கற்றுக்கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீப்கேட், 1,78,238 கேட் மாதிரிகளை வைத்து அதைத் தொடங்கிவைத்தது. பொம்மைக்குத் தோல் போதும். பம்ப் இம்பெல்லருக்குப் போதாது.

ஐயா மாதிரி ஆட்களுக்கு உபயோகமான யோசனை எனக்குப் பழைய ஒன்றில்தான் தெரிகிறது. சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் கார்த்திக் ரமணியும் அவர் குழுவும் 2000-களின் நடுவிலேயே ஒரு தேடுபொறி செய்தார்கள். உதிரிபாகத்தைக் கையால் கிறுக்கினால், புதிதாக எதையும் உருவாக்காமல், ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் முப்பரிமாண மாதிரிகளில் அதே போன்றதைத் தேடிக் கொடுக்கும். அம்பத்தூரில் எத்தனை பட்டறையில் இருக்கிற டிராயிங்கையே தேட முடியாமல் திரும்ப வரைகிறார்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். "அதைக் கேக்காதம்மா" என்றார்.

ஆனால் அவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ஒரு வியூ குடுத்துட்டு மூணு வியூ வேலையை எதிர்பார்த்தா எப்படி? பாப்பாவையே பின்பக்கமும் வரையச் சொல்லுங்க."

அடடா! அதற்கும் வழி வந்துவிட்டது. சீனாவின் டென்சென்ட் 2025-ல் வெளியிட்ட ஹுன்யுவான்-3டி-யில் முன், பக்கம், பின் என்று பல கோணப் படங்களையும் கொடுக்கலாம். அதற்கு லேப்டாப் மூச்சு வாங்கியது, ஃபேன் சத்தத்தில் பேச முடியவில்லை, ஆனால் ஓடியது. சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள். பக்கவாட்டில் இப்போது இரண்டு சக்கரம் மட்டும் (அண்ணன் கெஞ்சினான்). முன்பக்கம் ஒற்றைச் சக்கரம், ஒற்றை விளக்கு. பின்பக்கத்தில்தான் அவள் மனம் வைத்து வேலை செய்தாள். நம்பர் பிளேட், இரண்டு சிவப்பு விளக்கு, நடுவில் பெரிய எழுத்தில் 'பிரசவத்திற்கு இலவசம்'. எழுத்துப் பிழை இல்லாமல்! எட்டு லட்சம் உருவங்களைப் பார்த்த எந்த நிரலுக்கு இது தோன்றும்? முந்தைய முயற்சியில் அந்த இடத்தில் நிரல் தானாகவே ஏதோ எழுதியிருந்தது, தெலுங்குக்கும் தாய்லாந்து மொழிக்கும் பிறந்தது போல.

திரையில் எழுத்து தெரிந்தது. பிரின்டரில் நசுங்கிவிட்டது; 0.4 மில்லிமீட்டர் முனைக்கு 'பி'யின் கொக்கி அடங்கவில்லை. ஐயா மறுநாள் வந்து, ஒரு சின்ன பித்தளைத் தகட்டில் தன் கையாலேயே அதை வெட்டிக் கொண்டுவந்து பின்னால் ஒட்டினார். ஆட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எல்லாம் சரி பாப்பா, மீட்டர் எங்க?" என்றார்.

"உள்ள இருக்கு தாத்தா. வரைஞ்சிருக்கேன்" என்றாள். "ஆனா போட மாட்டாரு."